இத்தாலியின் கன்தவுத்தோரிகள்: கேட்கத் தொடங்குவோருக்குச் சில கேள்விகள், சில பதில்கள்

இத்தாலியப் பாட்டு என்றால் ஓபரா, இல்லாவிட்டால் ‘வொலாரே’. பெரும்பாலோருக்கு அதோடு முடிந்தது. ஆனால் 1960-களிலிருந்து முப்பது நாற்பது வருஷம் அங்கே ஒரு பெரிய கூட்டமே தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடிக்கொண்டிருந்தது. நல்ல குரல் என்று சொல்ல முடியாதவர்களும் அதில் நிறைய. நண்பர்களுக்கு இவர்களைச் சிபாரிசு செய்யும்போதெல்லாம் அதே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றையும் என் பதில்களையும் இங்கே ஓரிடத்தில் வைத்துவிடுகிறேன்.

கன்தவுத்தோரே என்றால் யார்?

‘கன்தந்தே’ என்றால் பாடகர், ‘அவுத்தோரே’ என்றால் ஆசிரியர். இரண்டையும் ஒட்டவைத்தால் கன்தவுத்தோரே, பன்மையில் கன்தவுத்தோரி. 1960 வாக்கில் ஆர்.சி.ஏ. இசைத்தட்டு நிறுவனத்தின் ரோம் கிளையில் பிறந்த சொல் இது. சரக்கை விற்க வைத்த பெயர், பின்னால் பட்டம்போல ஆகிவிட்டது.

அதற்கு முன்பு அங்கேயும் நம் சினிமாப் பாட்டின் கதைதான். வரிகள் ஒருவர், மெட்டு ஒருவர், பாடுவது வேறொருவர். 1951-ல் தொடங்கிய சான்ரெமோ விழாவில் போட்டியே பாட்டுகளுக்கு இடையில்தான். ஒரே பாட்டை இரண்டு பேர் தனித்தனியாகப் பாடிக் காட்டுவார்கள். 1958-ல் தெற்கே பூலியா பக்கத்துக்காரரான டொமேனிகோ மொதூஞ்ஞோ அந்த மேடையில் இரண்டு கையையும் விரித்து ‘நெல் ப்ளூ திபிந்தோ தி ப்ளூ’ பாடினார். ‘வொலாரே’ என்று உலகம் அறிந்தது அதைத்தான். வரிகளில் பிராங்கோ மில்யாச்சிக்குப் பங்கு உண்டு, மெட்டு மொதூஞ்ஞோவுடையது. தன் பாட்டைத் தானே பாடி ஜெயிக்கலாம் என்று காட்டியவர் அவர். அடுத்த வருஷம் முதன்முதலாகக் கொடுக்கப்பட்ட கிராமி விருதுகளில் இரண்டு அந்தப் பாட்டுக்குப் போயின.

எனக்கு இத்தாலிய மொழி ஒரு சொல்கூடத் தெரியாது. பிறகு என்னத்தைக் கேட்பது?

நியாயமான கேள்விதான். வரி புரியாமல் இவர்களைக் கேட்டால் பாதிப் பேர் உங்களுக்குச் சப்பென்று இருப்பார்கள். கிதார், தாழ்ந்த குரல், மாறாத மெட்டு, அவ்வளவுதான் காதில் விழும். நானும் மூன்று மாதம் அப்படிக் கேட்டு ‘இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்’ என்று மூடிவைத்தவன்தான்.

பிறகு செய்த காரியம் இது: ஒரே ஒரு பாட்டு. அதன் வரிகளை இணையத்தில் எடுத்து, மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு, பக்கத்தில் வைத்துக்கொண்டு ஐந்தாறு தடவை கேட்டேன். அடுத்த நாளும் அதே பாட்டு. மூன்றாம் நாள் வரியைப் பார்க்காமலே எந்த இடத்தில் என்ன சொல்கிறான் என்று தெரிந்துவிட்டது.

தமிழ்க் காதுக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. இத்தாலியச் சொற்கள் பெரும்பாலும் உயிரெழுத்தில் முடிபவை. ஒற்று இரட்டித்தால் பொருள் மாறும். ‘பாலா’ என்றால் மண்வெட்டி, ‘பால்லா’ என்றால் பந்து. ‘நோனோ’ ஒன்பதாவது, ‘நோன்னோ’ தாத்தா. பலிக்கும் பல்லிக்கும் வித்தியாசம் தெரிந்த நமக்கு இது யாரும் சொல்லித்தர வேண்டாத விஷயம். ஒரு மாதத்தில் சொற்கள் தனித்தனியாக உடைந்து விழ ஆரம்பிக்கும்.

ஒரே எச்சரிக்கை: ஜெனோவா, நேப்பிள்ஸ், மிலான் வட்டார வழக்கில் பாடியவற்றைக் கருவியில் போட்டால் உளறிக்கொட்டும். அவற்றுக்கு யாராவது பொது இத்தாலியத்தில் உரை எழுதியிருப்பார்கள். அதைத் தேடி எடுத்துப் பிறகு கருவியிடம் கொடுங்கள்.

எந்த ஆல்பத்தில் தொடங்கலாம்?

எல்லாப் பட்டியலிலும் ஃபாப்ரிட்சியோ டி ஆந்த்ரேதான் முதலில் இருப்பார். நான் அங்கே தொடங்கச் சொல்ல மாட்டேன். லூச்சோ டல்லா 1979-ல் தன் பெயரையே தலைப்பாக வைத்து வெளியிட்ட ஆல்பத்தை எடுங்கள்.

காரணம் எளிது. டல்லா ஜாஸ் கிளாரினெட் வாசித்து வளர்ந்த ஆள். வரி புரியாவிட்டாலும் மெட்டு உங்களைப் பிடித்துவைக்கும். குரல் எங்கே தாவும், எங்கே முனகும், எங்கே வெறும் ‘பப்பப்பா’ ஆகும் என்று சொல்லவே முடியாது. வரிகளுக்கு வந்தால், கடைசிப் பாட்டு ‘லான்னோ கே வெர்ரா’, ‘வரப்போகும் ஆண்டு’. ஊரைவிட்டுப் போன நண்பனுக்குப் புத்தாண்டு நேரத்தில் எழுதும் கடிதம் அது. ‘நீ ரொம்பத் தூரத்தில் இருக்கிறாய், அதனால் இன்னும் அழுத்தி எழுதுகிறேன்’ என்று ஆரம்பிக்கிறான். பிறகு ஊர்ச் செய்தி: சாயங்காலம் யாரும் வெளியே வருவதில்லை, பண்டிகை நாளிலும்கூட. ஜன்னலோரம் மணல் மூட்டை அடுக்கியிருக்கிறார்கள் சிலர். வாரக்கணக்கில் பேசாமல் இருக்கிறார்கள். ஆனால் தொலைக்காட்சியில் சொல்லிவிட்டார்கள், புது வருஷத்தில் எல்லாம் மாறிவிடுமாம்! மூன்று கிறிஸ்துமஸ் வருமாம், ஊமைகள் பேசுவார்களாம், பாதிரிமார்கூடக் கல்யாணம் செய்துகொள்ளலாமாம், குறிப்பிட்ட வயசுக்கு அப்புறம் மட்டும்.

குண்டு வெடிப்பும் கடத்தலும் சுடுவதுமாகக் கிடந்த எழுபதுகளின் இத்தாலியில் இருந்துகொண்டு எழுதிய வரிகள் இவை. 1969 டிசம்பரில் மிலானில் பியாட்சா ஃபொன்தானா வங்கியில் வெடித்த குண்டு 17 பேரைக் கொன்றது. அதிலிருந்து பத்துப் பன்னிரண்டு வருஷத்தை ‘ஈய ஆண்டுகள்’ என்பார்கள். அந்த ஈயம் துப்பாக்கிக் குண்டின் ஈயம். அந்த மணல் மூட்டை எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதல்லவா? இவ்வளவையும் சொல்லிவிட்டு டல்லா நண்பனிடம், சிரிப்பதற்காக என்னவெல்லாம் கற்பனை செய்ய வேண்டியிருக்கிறது பார் என்கிறான். இத்தாலியில் இன்றும் டிசம்பர் 31 என்றால் இந்தப் பாட்டுதான்.

இது பிடித்தால் 1977-இன் ‘கோமே ப்ரொஃபோந்தோ இல் மாரே’, 1980-இன் ‘டல்லா’ இரண்டையும் தொடர்ச்சியாகக் கேட்டுவிடலாம். மூன்றும் ஒரே மூச்சில் வந்தவைபோல இருக்கும். அதற்கு முன் ரொபெர்த்தோ ரொவெர்சி என்ற கவிஞர் எழுதிய வரிகளுக்கு மூன்று ஆல்பம் மெட்டமைத்தார். பிறகு இருவரும் பிரிந்தார்கள்; எழுதத் தெரியாது என்று நினைத்திருந்த டல்லா தானே எழுத உட்கார்ந்தார்.

டல்லாவின் பிறந்த நாளே ஒரு பாட்டுக்குத் தலைப்பாமே?

‘4/3/1943’. அவர் பிறந்த தேதிதான், ஆனால் கதை அவருடையதில்லை. வரிகள் பாவ்லா பல்லொத்தீனோ என்ற பெண் எழுதியவை. கடலிலிருந்து ஒரு வேற்றுநாட்டுச் சிப்பாய் வருகிறான், வேறு மொழி பேசுகிறான், ஆனால் அன்பு செய்யத் தெரிந்தவன். பதினாறு வயசுப் பெண். அவன் சாகிறான், அவள் குழந்தை பெறுகிறாள். பொம்மைக்குத் துணி சுற்றுவதுபோல அதைச் சுற்றி வைத்து விளையாடுகிறாள், கடவுள் பெயரை வைக்கிறாள். வளர்ந்துவிட்ட அந்தக் குழந்தைதான் நமக்குக் கதை சொல்கிறது.

உண்மையான தலைப்பு ‘ஜெசூ பம்பீனோ’, குழந்தை இயேசு. 1971 சான்ரெமோவில் அது ஓடாது என்று தேதியைத் தலைப்பாக வைத்தார்கள். கடைசி வரியிலும் கை வைத்தார்கள். ‘திருடர்களுக்கும் வேசிகளுக்கும் நான்தான் குழந்தை இயேசு’ என்று இருந்ததை ‘துறைமுகத்து ஜனங்களுக்கு’ என்று மாற்றினார்கள். ‘வசைபாடிக் குடிக்கிறேன்’ என்பது ‘சீட்டாடிக் குடிக்கிறேன்’ ஆயிற்று. பாட்டு மூன்றாம் இடம் பிடித்தது. டல்லா பிறகு கச்சேரிகளில் பழைய வரியையே பாடினார். பிரேசிலில் ஷிக்கோ புவார்க்கே அதைப் போர்ச்சுகீசியத்தில் பாட, அங்கேயும் ஊரறிந்த பாட்டாயிற்று. இரண்டு பதிப்பையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஒரு வரியில் எவ்வளவு போய்விடுகிறது என்று புரியும்.

சான்ரெமோவில் ஒரு பாடகர் இறந்துபோனாராமே?

லூயிஜி தெங்கோ. 1967 ஜனவரி 27. வயது 28. ‘ச்சாவ் அமோரே ச்சாவ்’ என்ற பாட்டோடு போனார்; அதே பாட்டைத் தலிதா என்ற பாடகியும் பாடினார். நிலத்தையும் கிராமத்தையும் விட்டுவிட்டு நகரத்துக்குப் போகிறவனின் பாட்டு அது. இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகவில்லை. அன்றிரவே ஹோட்டல் அறையில் துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்துகிடந்தார். அந்த மேடை எந்தப் பாட்டுகளைத் தேர்ந்தெடுத்தது என்பதற்கான எதிர்ப்பு இது என்று ஒரு சீட்டு இருந்தது.

இதைப் புராணமாக்கிப் பேசுவதில் எனக்கு விருப்பமில்லை. அந்த ஆளின் பாட்டுகள் நன்றாக இருக்கின்றன, அவற்றைக் கேட்கலாம். ஆனால் விளைவுகள் உண்டு. அவருடைய அடக்கத்திலிருந்து திரும்பிய டி ஆந்த்ரே ‘ப்ரெகியேரா இன் ஜென்னாயோ’ எழுதினார். தன்னையே மாய்த்துக்கொண்டவர்களையும் சொர்க்கத்தில் வைத்துக்கொள் என்று கடவுளிடம் கேட்கும் பாட்டு. 1972-ல் அதே சான்ரெமோ ஊரில் அமில்காரே ரம்பால்தி என்பவர் ‘க்ளப் தெங்கோ’வைத் தொடங்கினார். கன்தவுத்தோரிகளுக்கு இத்தாலியில் பெரிய மரியாதை என்றால் அந்த அமைப்பின் விருதுதான்.

ஏன் எல்லாரும் ஜெனோவாவிலிருந்தே வருகிறார்கள்?

எல்லாரும் இல்லை. ஜீனோ பாவ்லி, தெங்கோ, உம்பெர்த்தோ பிந்தி, ப்ரூனோ லவுட்சி, டி ஆந்த்ரே என்று ஒரே காலத்தில் அங்கே ஒரு கும்பல் சேர்ந்தது, அதனால் ‘ஜெனோவா பள்ளி’ என்று பெயர். துறைமுக ஊர், பிரெஞ்சுப் பாட்டும் அமெரிக்க ஜாஸும் சீக்கிரம் வந்து சேரும். பொலோஞ்ஞாவுக்கு டல்லாவும் குச்சீனியும், ரோமுக்கு டி கிரெகோரியும் வெந்தீத்தியும், மிலானுக்கு ஜன்னாச்சியும் காபெரும், நேப்பிள்ஸுக்குப் பீனோ டனியேலே. ஊர்ப் பாசம் இவர்களிடம் கொஞ்சம் அதிகம்தான்.

டி ஆந்த்ரே எனக்குச் சலிக்கிறது. நான் ஏதாவது தவறவிடுகிறேனா?

வரிகளைத் தவறவிடுகிறீர்கள். வேறொன்றும் இல்லை.

1970-இன் ‘லா புவோனா நொவெல்லா’வை எடுங்கள், ‘நற்செய்தி’. திருச்சபை ஏற்காத சுவிசேஷங்களை வைத்து இயேசுவின் கதையைச் சுற்றியிருந்தவர்கள் வாயால் சொல்லும் ஆல்பம். மாணவர்கள் தெருவில் சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரம்; இப்போது போய் இயேசு எதற்கு என்று கூட்டாளிகளே கேட்டார்கள். இவரைவிடப் பெரிய புரட்சிக்காரன் யார் என்பதுதான் அவர் பதில்.

அதில் ‘இல் தெஸ்தமெந்தோ தி தீத்தோ’ என்று ஒரு பாட்டு. இயேசுவோடு சிலுவையில் தொங்கும் திருடன் தீத்தோ, சாவதற்கு முன் பத்துக் கட்டளைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து நம்மிடம் கணக்குக் காட்டுகிறான். தாய் தந்தையை மதியாம்! அவர்கள் கையிலிருந்த தடியையும் மதி; ஒரு வாய் சோறு கேட்டதற்கு மூக்கை உடைத்த கையை முத்தமிடு. களவு செய்யாதே? அதை நான் மதித்தேன் என்றுகூடச் சொல்லலாம், ஏற்கெனவே கொள்ளையடித்தவர்களின் பையைத்தான் நான் காலி செய்தேன். நான் என் பெயரில் திருடினேன், அவர்கள் கடவுளின் பெயரில். இப்படியே போகிறது. மெட்டு மாறவே மாறாது. சலிப்பதாகச் சொன்னீர்களே, அந்த மாறாத மெட்டுதான் இங்கே வேலை செய்கிறது. சாட்சி சொல்கிறவன் குரலை ஏற்றி இறக்க மாட்டான். வாத்தியங்கள் மட்டும் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒன்றிரண்டாக வந்து சேர்ந்துகொள்ளும். முடிவில் பக்கத்துச் சிலுவையில் சாகிறவனைப் பார்த்து, ‘அம்மா, எனக்கு வலிக்கிறது’ என்கிறான் தீத்தோ. பத்துக் கட்டளையும் கற்றுத்தராததை அந்தச் சாவைப் பார்த்து அவன் கற்றுக்கொள்கிறான்.

அடுத்து 1971-இன் ‘நோன் அல் தெனாரோ, நோன் அல்லமோரே, நே அல் சியேலோ’. எட்கர் லீ மாஸ்டர்ஸ் என்ற அமெரிக்கக் கவிஞரின் கல்லறைக் கவிதைகளை ஃபெர்னந்தா பிவானோ இத்தாலியத்தில் பெயர்த்திருந்தார். அவற்றில் ஒன்பதை எடுத்துப் பாட்டாக்கியது. செத்தவர்கள் பேசுகிறார்கள். குள்ளனாக இருந்து நீதிபதியான ஒருவன் பேசுவதைக் கேளுங்கள், சிரிப்பும் வரும், வயிற்றையும் பிசையும்.

இன்னொரு விஷயம். இந்த மனிதருக்கு மேடைப் பயம். முதல் பாட்டு வெளிவந்து பதினான்கு வருஷம் ஆன பின், 1975-ல்தான், முதன்முதலாகக் கட்டணக் கச்சேரிக்கு மேடையேறினார். 1967-ல் மீனா என்ற பெரிய பாடகி அவருடைய ‘லா கன்ட்சோனே தி மரினெல்லா’வைப் பாடியிராவிட்டால் சட்டப் படிப்பை முடித்திருப்பேன் என்று அவரே சொன்னதுண்டு.

அவரைக் கடத்திக்கொண்டு போனார்களாமே?

ஆமாம். 1979 ஆகஸ்டில், சார்தீனியாவில் அவருடைய பண்ணை வீட்டிலிருந்து, துணைவி டோரி கெட்சியோடு சேர்த்து. நான்கு மாதம் மலையில் வைத்திருந்தார்கள். பணயத் தொகை கொடுத்த பின் டிசம்பரில் விட்டார்கள். காவல் இருந்த ஆட்களை அவர் மன்னித்தார், ஏவிவிட்டவர்களை மன்னிக்கவில்லை. 1981-ல் வந்த ஆல்பத்தின் அட்டையில் குதிரைமேல் ஓர் அமெரிக்கப் பழங்குடி. உள்ளே அந்தப் பழங்குடிகள் கொல்லப்பட்ட 1864 சாண்ட் க்ரீக் படுகொலையைப் பற்றி ஒரு பாட்டு, கடத்தி வைத்திருந்த மலையின் பெயரில் ‘ஹோட்டல் சுப்ரமோந்தே’ என்று ஒரு காதல் பாட்டு. தன்னைக் கடத்தியவர்களின் ஜனங்களான சார்தீனியர்களையும் அந்தப் பழங்குடிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எத்தனை பேருக்கு மனசு வரும்?

‘க்ரேவுசா தே மா’ இத்தாலியர்களுக்கே புரியாதாமே. அதைப் போய் நான் எப்படி?

அதுதான் வசதி. அவர்களும் நீங்களும் ஒரே படியில் நிற்கிறீர்கள்.

1984. டி ஆந்த்ரேயும் மவுரோ பகானியும் சேர்ந்து, முழுக்க ஜெனோவா வழக்கில் போட்ட ஆல்பம். ஊத், புசூக்கி, சாஸ் என்று மத்தியதரைக் கடலைச் சுற்றியிருக்கும் வாத்தியங்கள். இத்தாலியப் பொதுமொழியில் பாட்டு எழுதுகிறவர்களுக்கு ஒரு பழைய தொல்லை உண்டு: பெரும்பாலான சொற்களில் அழுத்தம் கடைசிக்கு முந்திய அசையில் விழும், ஆனால் மெட்டோ கடைசி அசையில் அடி கேட்கும். அதனால்தான் மட்டமான பாட்டுகளில் ‘பாடுவேன், போவேன்’ என்று எதிர்காலத்தில் முடியும் வினைகளாகக் குவிந்திருக்கும். அந்த வினைகளில் அழுத்தம் கடைசியில் வருகிறது. ஜெனோவா வழக்கில் கடைசி அசை வெட்டுப்பட்டு நிற்கும் சொற்கள் ஏராளம். அங்கே போனதும் டி ஆந்த்ரேயின் கை அவிழ்ந்துவிட்டது.

‘க்ரேவுசா’ என்பது இரண்டு சுவர்களுக்கு நடுவே மேட்டிலிருந்து கடலுக்கு இறங்கும் குறுகிய சந்து. இங்கே அது கடலிலேயே போடப்பட்ட சந்து. மாலுமிகள் கரைக்கு வந்து சாப்பாட்டுக் கடையில் உட்காருகிறார்கள். பொரித்த பொடிமீன், வெள்ளை ஒயின், ஆட்டு மூளை, கூடவே ‘ஓட்டுக்கூரை முயல்’ போட்ட இனிப்பும் புளிப்புமான பதார்த்தம். ஓட்டின்மேல் ஓடும் முயல் என்றால் பூனை! இறுதியில் ஜெனோவா மீன் சந்தையில் கூவி விற்கும் குரல்கள் வந்து கலக்கும்.

அதே ஆல்பத்தில் ‘சிதூன்’. லெபனானின் சைதா நகரம், 1982 போர். பீரங்கி வண்டியின் சக்கரம் ஏறிச் செத்த மகனைக் கையில் வைத்துக்கொண்டு தகப்பன் பாடுகிறான். ஒப்பாரி கேட்டு வளர்ந்த காதுக்கு வார்த்தை புரிய வேண்டிய அவசியமே இல்லை. நான் இதை அதிகம் கேட்பதில்லை. முடிவதில்லை.

இத்தாலிய அரசியல் தெரியாமல் குச்சீனி, டி கிரெகோரி போன்றவர்களைக் கேட்க முடியுமா?

தாராளமாக. பிரான்செஸ்கோ குச்சீனியின் 1972 ஆல்பம் ‘ராதீச்சி’யில், அதாவது ‘வேர்க’ளில், எட்டு நிமிடத்துக்கு ஓடும் ‘லா லொகொமொத்தீவா’ இருக்கிறது. 1893 ஜூலையில் பியேத்ரோ ரிகோசி என்ற, ரயில் எஞ்சினில் கரி அள்ளிப்போடும் தொழிலாளி பொலோஞ்ஞா அருகே ஓர் எஞ்சினைத் தனியே கிளப்பிக்கொண்டு பறந்தார். நிலையத்தில் ரயிலை வேறு தண்டவாளத்துக்குத் திருப்பினார்கள்; நின்றிருந்த சரக்குப் பெட்டிகளில் மோதியது. காலை இழந்தாலும் அவர் பிழைத்துக்கொண்டார். பாட்டில் அவர் கதாநாயகன்; எஞ்சின் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது. நம் கதைப்பாடல் மரபில் கட்டபொம்மனைப் பாடுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். குச்சீனி கச்சேரிகளை இதைப் பாடித்தான் முடித்துவந்தார். தன் வீட்டு விலாசத்தையே 1976-ல் ஆல்பத் தலைப்பாக வைத்த மனிதர் அவர்: ‘வியா பாவ்லோ ஃபாப்ரி 43’.

பிரான்செஸ்கோ டி கிரெகோரிக்கு 1975-இன் ‘ரிம்மெல்’ போதும். இத்தாலியத்தில் கண்ணுக்கு இடும் மையின் பெயர். பிரிந்துபோன பெண்ணுக்கான தலைப்புப் பாட்டு எனக்கு இன்னும் முழுசாக விளங்கவில்லை, விளங்காததால்தான் திரும்பப் போகிறேன். அதே ஆல்பத்தில் ‘பாப்லோ’, டல்லாவும் சேர்ந்து மெட்டமைத்தது. பிழைக்கப் போன இடத்தில் வேலையில் செத்துப்போன ஸ்பானியக் கூட்டாளியைப் பற்றி இன்னொரு கூலிக்காரன் சொல்வது. பிழைப்புக்குக் கடல் கடந்தவர்கள் வீட்டில் யாராவது இருந்தால் விளக்கம் தேவைப்படாது.

இதே டி கிரெகோரியை 1976 ஏப்ரலில் மிலான் பலாலிதோ அரங்கில் தீவிர இடதுசாரி இளைஞர்கள் மேடையிலேயே நிறுத்தி விசாரித்தார்கள். எவ்வளவு சம்பளம் வாங்குகிறாய், தொழிலாளிகளுக்கு என்ன கொடுத்தாய் என்று. அவர் வெறுத்துப்போய்க் கொஞ்ச காலம் கச்சேரியையே விட்டார். ஒரு பாடகன்மேல் அவ்வளவு எதிர்பார்ப்பு வைத்த காலம்.

லூச்சோ பத்திஸ்தி கன்தவுத்தோரேயா, இல்லையா?

இலக்கணப்படி இல்லை. மெட்டும் குரலும் அவருடையவை, வரிகள் 1980 வரை மோகோல் எழுதியவை. ஆனால் அவரை விட்டுவிட்டு இந்தப் பேச்சே கிடையாது. டல்லாவுக்கு ஒரு நாள் இளையவர், 1943 மார்ச் 5. எளிய காதல் பாட்டு வேண்டுமானால் ‘இல் மியோ கந்தோ லீபெரோ’, கொஞ்சம் தைரியம் இருந்தால் 1974-இன் ‘அனிமா லத்தீனா’. பிறகு தொலைக்காட்சி, மேடை, பேட்டி எல்லாவற்றையும் நிறுத்தி, பஸ்குவாலே பனெல்லாவின் விசித்திர வரிகளோடு ஐந்து வெள்ளை அட்டை ஆல்பங்கள் போட்டார். கடைசி ஒன்றின் பெயர் ‘ஹெகல்’. எனக்கு அவற்றில் ‘டோன் ஜொவான்னி’ மட்டும் பிடிக்கும். 2019 செப்டம்பர் வரை இவருடைய பாட்டுகள் ஸ்ட்ரீமிங்கில் கிடையாது. இப்போது நிறையக் கிடைக்கின்றன.

எல்லாம் சோகமாகவே இருக்கிறதே, சிரிக்க ஒன்றும் இல்லையா?

என்ட்சோ ஜன்னாச்சி. மிலானில் மருத்துவர், இதய சிகிச்சை செய்துவிட்டு வந்து கோமாளிப் பாட்டுப் பாடியவர். பாவ்லோ கோன்தே, ஆஸ்தி ஊர் வக்கீல். 1968-ல் செலெந்தானோ பாடிய ‘அட்சூர்ரோ’வுக்கு மெட்டமைத்தவர்களில் ஒருவர், பிறகு பியானோவில் உட்கார்ந்து தகரத்தைத் தேய்க்கிற குரலில் தானே பாட வந்தார். 1981-இன் ‘பாரிஸ் மிலோங்கா’ மழைநாளுக்கு ஏற்றது. ரீனோ கயெத்தானோ, தெற்குக் கடைக்கோடி க்ரொத்தோனேக்காரர். உளறல்போலப் பாடி ஊரையே குத்துவார். 1981-ல் முப்பது வயதில் கார் விபத்தில் போய்விட்டார்.

பெண்கள் எங்கே?

குறைவு, அது வெட்கக்கேடுதான். பாட வந்தவர்கள் ஏராளம், எழுத விட்டவர்கள் சிலர். ஜன்னா நன்னீனி, பின்னால் சிசிலியின் கார்மென் கொன்சோலி ஆகியோரிலிருந்து தொடங்குங்கள். மேலே சொன்ன பல்லொத்தீனோ, பிவானோ ஆகியோரின் பெயர்களையும் அட்டையின் பின்பக்கத்தில் தேடிப் படியுங்கள்.

வினைல் வாங்க வேண்டுமா?

வேண்டாம், ஆசையிருந்தால் ஒழிய. ஒரு விஷயத்துக்கு மட்டும் இசைத்தட்டின் கணக்கை மனசில் வையுங்கள்: பெரும்பாலான ஆல்பங்கள் ஒரு பக்கம் இருபது நிமிடம் என்று வெட்டித் தைத்தவை. கலைத்துப்போட்டுக் கேட்டால் ‘லா புவோனா நொவெல்லா’ கதையே தெரியாது. வரிசையாகக் கேளுங்கள், பாதியில் எழுந்து ஒரு காபி போட்டுக்கொண்டு வாருங்கள்.

ஆட்டம் போட ஒன்றாவது?

பிராங்கோ பத்தியாத்தோ! எழுபதுகளில் சின்தசைசரை வைத்துக்கொண்டு யாருக்கும் புரியாத சோதனைகள் செய்துகொண்டிருந்த சிசிலிக்காரர், 1981-ல் ‘லா வோச்சே தெல் பத்ரோனே’ போட்டார். ஏழே பாட்டு, அரை மணி நேரம் போல. இத்தாலியில் பத்து லட்சம் விற்ற முதல் எல்.பி. அதுதான். தலைப்பு ‘எஜமானின் குரல்’, நாய் படம் போட்ட பழைய இசைத்தட்டு முத்திரையின் இத்தாலியப் பெயர். எதைப் பாடுகிறார் என்றே பிடிபடாது: குர்ஜீஃப் என்ற ஞானகுருவின் வகுப்பு, பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கவிதையின் ஒரு வரி, பாப் பாட்டின் துணுக்கு எல்லாம் ஒரே கொப்பரையில். ஆனாலும் கால் நிற்காது.

அடுத்த வருஷம் ‘வொல்யோ வெதெர்தி தன்ட்சாரே’, ‘நீ ஆடுவதைப் பார்க்க வேண்டும்’. எப்படி ஆட வேண்டுமாம்? பாலைவனத்து நாடோடிப் பெண்களைப்போல, பாலித் தீவுப் பெண்களைப்போல, சுழன்று ஆடும் தெர்வீஷ் என்ற சூஃபித் துறவிகளைப்போல. அவசரப்படாமல் கேட்டுக்கொண்டே போங்கள். வால்ட்ஸ் வருவதற்கு முன் ஓரிடத்தில், தெளிவாக, ‘கதகளி’ என்பார். கதகளிச் சலங்கை ஒலிக்கு ஆடச் சொல்கிறார். முதல் தடவை கேட்டபோது பாட்டைப் பின்னுக்கு ஓட்டி மூன்று முறை சரிபார்த்தேன்.